மீந்தது வேற, எச்சில் வேற

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மதியானம் டிவில 'காக்கா முட்டை' படம் போட்டாங்க. நான் அத பாக்குறது இது ஆறாவது வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் பாத்து முடிச்ச உடனே யாருக்காவது இத பத்தி எழுதணும்னு தோணும், அப்புறம் துணி துவைக்கணும், தண்ணி புடிக்கணும்னு எழுந்து போயிருவேன். இந்த வாட்டி விடக்கூடாதுன்னு பையனோட நோட்டுல பின்பக்கத்த கிழிச்சு எழுத ஆரம்பிச்சு இப்ப போன்ல டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் நீளமாவும் போகும்.

நான் பொறந்து வளந்தது சைதாப்பேட்டை அடையாத்தங்கரை. மறைமலை அடிகள் பாலத்துல பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா எட்டிப்பாத்துட்டு மூக்க பொத்திப்பாங்களே, அந்த ஓரம் தான். அம்மா நாலு வீட்ல வேலை செஞ்சாங்க, அப்பா லோடு ஏத்துற வேலை, நான், என் தம்பி, அப்புறம் ஆயா. அதனால 2015 ஜூன் மாசம் சைதாப்பேட்டை குடிசைப் பசங்கள வச்சு ஒரு படம் வந்துருக்கு, அதுக்கு ரிலீஸுக்கு முன்னாடியே தேசிய விருது குடுத்துட்டாங்க, கனடாவுல டொரண்டோ பட விழாவுல எல்லாம் போட்டாங்கன்னு கேட்ட உடனே எனக்கு சந்தோஷத்த விட பயம் தான் ஜாஸ்தி. ஏன்னா சினிமால நம்மள காட்டுனா ரெண்டே மாதிரி தான் காட்டுவாங்க, ஒண்ணு கத்தி எடுத்துட்டு ஓடுறவன், இல்லன்னா அழுதுட்டே இருக்குறவன். அவார்டு படம்னா ரெண்டாவது மாதிரியா தான் இருக்கும்னு நெனச்சேன். அம்மா தான் போலாம் வாடின்னாங்க, எங்க ஊரு படம்ல, பாக்காம எப்படின்னாங்க. அசோக் நகர் பக்கம் ஒரு தியேட்டர்ல போய் பாத்தோம், இப்ப அந்த தியேட்டரே மூடியாச்சு.

படம் ஆரம்பிச்சு முதல் சீன்லயே எனக்கு பயம் போயிருச்சு ஐயா. சின்னவன் தூக்கத்துல பாய நனைச்சுட்டு யாருக்கும் தெரியாம மறைக்கப் பாக்குறான். அவ்ளோ தான் சீன். ஏழ்மைன்னு ஒரு வார்த்தை இல்ல, சோகமா வயலின் இல்ல. ஒரே ரூம்ல எல்லாரும் படுக்குற வீட்ல ஒரு புள்ள பாய நனைச்சா அதுக்கு அடுத்து என்னென்ன நடக்கும்னு தெரிஞ்சவங்க தான் அந்த சீன எழுத முடியும். எங்க வீட்ல என் தம்பி இதே தான் பண்ணுவான், என் பாவாடைய எடுத்து மேல போட்டு மூடி வச்சுருவான், காலைல நான் தான் அடி வாங்குவேன். தியேட்டர்ல எனக்கு முன் சீட்ல இருந்த அக்காவும் சிரிக்குறாங்க, நானும் சிரிக்குறேன், கண்ணுல தண்ணி வேற வருது.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சது தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, மரத்துல ஏறி காக்கா முட்டை எடுத்து குடிப்பாங்க, அதனால பெரிய காக்கா முட்டை சின்ன காக்கா முட்டைன்னு பேரு. மூணு முட்டை இருந்தா உனக்கொண்ணு எனக்கொண்ணு, காக்காவுக்கு ஒண்ணுன்னு வச்சுட்டு வருவாங்க. அந்த மரம் இருந்த கிரவுண்டு வித்துப்போச்சு, மரத்த வெட்டிட்டாங்க, அங்க பீட்சா கடை வந்துருச்சு. கடைய திறக்க சிம்பு வர்றாரு, நிஜ சிம்புவே. படத்த எடுத்தது வெற்றிமாறனும் தனுஷும், தனுஷ் காசுல எடுத்த படத்துல சிம்பு வந்து நிக்கிறத பாத்து தியேட்டர்ல விசில் பறந்துச்சு. சிம்பு பீட்சா சாப்புடுறத பாத்த பசங்களுக்கு அத ஒரு வாட்டி திங்கணும்னு ஆசை. விலை கிட்டத்தட்ட 300 ரூபா. பசங்க தொழில் ரயில் தண்டவாளத்துல சிந்துன கரிய பொறுக்கி விக்கிறது.

நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமே தான் வருது. எல்லாரும் இந்தப் படத்த பத்தி பேசும்போது பீட்சாவ பத்தி பேசுறாங்க, ஆயா சுட்ட தோசைய பத்தி பேசுறாங்க, உலகமயமாக்கல்னு பேசுறாங்க. எல்லாம் சரி தான். ஆனா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்தப் படத்துல உசுரு போற இடம் வேற ஒண்ணு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பணக்கார வீட்டுப் பையன், பசங்களுக்கு ஃபிரண்டு, நல்ல பையன் தான், திமிரெல்லாம் கிடையாது. அவன் சாப்பிட்டு மிச்சம் வச்ச பீட்சாவ கொண்டாந்து இந்தான்னு நீட்டுறான். சின்னவன் கை நீட்டுறான். பெரியவன் வேணாம்னு தடுத்துருவான், அடுத்தவன் எச்சிய திங்கிறதான்னு.

அந்த சீன் வந்தப்ப அம்மா என் கைய புடிச்சாங்க பாருங்க, அந்த சீன் முடிஞ்சும் விடவே இல்ல.

ஏன்னு சொல்றேன். எங்கம்மா வேலை செய்ற வீட்ல இருந்து குழம்பு, பொரியல், பழைய சோறு, பண்டிகைன்னா பலகாரம் எல்லாம் கொண்டு வருவாங்க. அதுல தான் நாங்க வளந்தோம், அத சொல்றதுக்கு எனக்கு வெக்கம் கிடையாது. ஆனா அம்மாகிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. மீந்தது வேற, எச்சில் வேற. பாத்திரத்துல மீந்தத வாங்கலாம், தட்டுல மீந்தத வாங்கக்கூடாது. ஒரு வாட்டி, எனக்கு எட்டு வயசு இருக்கும், லீவுன்னு என்னையும் அந்த வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. அந்த வீட்டுப் புள்ளைக்கு பர்த்டே. கேக்கு மேல ரோஸ் கலர்ல பூ வச்சுருந்துச்சு. அந்தப் பொண்ணு பாதி கடிச்சுட்டு புடிக்கலன்னு வச்சுட்டா, அவங்க அம்மா அதே தட்ட எடுத்து எங்கிட்ட நீட்டி சாப்பிடு கண்ணுன்னாங்க. பாசமா தான் சொன்னாங்க, அத நான் தப்பு சொல்ல மாட்டேன். அந்த ரோஸ் கலர் பூவுல பல்லு பதிஞ்ச தடம் கூட எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. நான் வாங்கப் போனேன். அம்மா பாத்திரம் தேச்சுட்டு இருந்தவங்க சோப்பு கையோட திரும்பிப் பாத்து, "அதுக்கு வயித்து வலிங்கம்மா, வேணாம்"னு சொல்லிட்டாங்க. எனக்கு வயித்து வலியே இல்ல. வீட்டுக்கு வர்ற வழி பூரா அழுதுட்டே வந்தேன், அம்மா எதுவும் பேசல, அன்னிக்கு சாயங்காலம் பேக்கரில ரெண்டு ரூபா கேக்கு ஒண்ணு வாங்கி எனக்கும் தம்பிக்கும் பாதி பாதி குடுத்தாங்க.

இத நான் யார்கிட்டயும் சொன்னது இல்ல. டைரக்டர் மணிகண்டன் சாருக்கு எப்படி தெரிஞ்சுது? உசிலம்பட்டி பக்கத்து ஆளுன்னு சொல்றாங்க, முதல் படம் வேற, கேமராவும் அவரே தான். அந்தப் பையன் வேணாம்னு சொல்ற இடத்துல பெருசா டயலாக் வைக்கல, தன்மானம் அது இதுன்னு பேச வைக்கல, பையன் சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டு நகந்துருவான். நாங்களும் அப்படி தான் ஐயா. வேணாம்னு சொல்லிட்டு நகந்துருவோம், அப்புறம் ராத்திரி பூரா அந்த ருசி எப்படி இருந்துருக்கும்னு நெனச்சுட்டே படுத்துருப்போம்.

அந்த ஆயா தோசை சீனும் அப்படி தான். பேரப்பசங்க ஆசப்பட்டுட்டாங்கன்னு நோட்டீஸ்ல இருக்குற பீட்சா படத்த பாத்து பாத்து, தோசை மாவ ஊத்தி அது மேல காய நறுக்கி போட்டு சுட்டுக் குடுப்பாங்க. பசங்களுக்கு புடிக்காது, நூல் நூலா வரலையேன்னு மூஞ்ச சுளிப்பாங்க. அந்த ஆயா முகத்த பாத்தீங்களா? கோவம் இல்ல, பாவம் முயற்சி பண்ணோமேன்னு ஒரு சின்ன ஏமாத்தம். சாந்தி மணின்னு அந்த அம்மா பேரு. என்னோட ஆயாவும் இதே மாதிரி ஒரு வாட்டி நூடுல்ஸ்க்கு பதிலா சேமியால மிளகாத்தூள் போட்டு குடுத்துருக்கு, நாங்களும் மூஞ்ச சுளிச்சுருக்கோம். ஆயா செத்து இன்னிக்கு பதினாலு வருஷம் ஆகுது. அந்த சேமியா இப்ப கிடைக்குமா?

பசங்க காசு சேக்குற கதைய பத்தி சொல்லியே ஆகணும். நாங்களும் பொறுக்குனவங்க தான், எங்களுக்கு கரி இல்ல, இரும்பு. ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்த பேத்து கயித்துல கட்டி தெருவோரமா இழுத்துட்டே போனா ஆணி, போல்ட்டு, சோடா மூடி எல்லாம் வந்து ஒட்டும், அத உதறி டப்பால போட்டு காயலான் கடைல குடுத்தா சில்லறை கிடைக்கும், கடைக்காரர் தராசுல ஒரு விரல வச்சுருப்பாரு, அது எங்களுக்கும் தெரியும், நாங்களும் டப்பால கொஞ்சம் மண்ணு போட்டுருப்போம். படத்துல பழரசம்னு ஒரு ரயில்வே ஆளு வருவாரு, பசங்களுக்கு ஒத்தாசை பண்றவரு. அந்த மாதிரி ஒரு ஆளு ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒருத்தர் இருப்பாரு. பெரிய தியாகம் எல்லாம் பண்ண மாட்டாரு, ஆனா போலீஸ் வந்தா ஒரு சத்தம் குடுப்பாரு.

அப்புறம் ரேஷன் கடை. டிவி வந்துருச்சு, அரிசி வரல. பீட்சா ஆசை வீட்டுக்குள்ள வந்ததே அந்த டிவி விளம்பரம் வழியா தான், அத டைரக்டர் கோர்த்துருக்காரு பாருங்க. எங்க வீட்லயும் அந்த இலவச கலர் டிவி வந்துச்சு, 2006ல இருந்து 2011 வரைக்கும் குடுத்தாங்களே அது. அத குறை சொல்ல மாட்டேன், அந்த டிவிய வாங்கிட்டு வந்த அன்னிக்கு எங்க தெருவுல தீபாவளி மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த டிவில தான் என் தம்பி முத முதல்ல ஐஸ்க்ரீம் கேக்கு பாத்தான்.

காசு சேத்துட்டு கடைக்கு போனா வாட்ச்மேன் உள்ளயே விடல, டிரஸ் சரியில்ல. சரி புது டிரஸ் வேணும். மால் பக்கம் போய், ரோட்டுக்கடை பானிபூரி திங்க அப்பா விட மாட்டேங்குறாருன்னு ஏங்குற பணக்காரப் பசங்களுக்கு பானிபூரிய குடுத்துட்டு புது டிரஸ்ஸ வாங்கிட்டு வருவாங்க. இவங்க ஏங்குறது அவங்ககிட்ட இருக்கு, அவங்க ஏங்குறது இவங்க கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. எவ்ளோ அழகா யோசிச்சுருக்காங்க! புது டிரஸ்ஸும் போட்டாச்சு, காசும் இருக்கு, திரும்பப் போனா சூப்பர்வைசர் பெரியவன கன்னத்துல அறைஞ்சுருவாரு. தியேட்டர்ல அவ்ளோ நேரம் கலகலன்னு இருந்துச்சு, அந்த அறை விழுந்த உடனே அப்படியே அமைதி. ஒரு விசில் இல்ல, ஒரு பாப்கார்ன் சத்தம் இல்ல. வீட்டுக்கு வந்தா ஆயா செத்துக் கிடக்கு. பீட்சாவுக்கு சேத்த காசு ஆயாவ அடக்கம் பண்ண போகுது.

நான் நிறைய பேருகிட்ட கேட்டுருக்கேன், அந்தக் காசு அடக்கத்துக்கு போறது உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு. எல்லாரும் சோகம்னாங்க. எங்கம்மா மட்டும் வேற சொன்னாங்க. நல்லவேளை வீட்ல காசு இருந்துச்சுன்னாங்க. கடன் வாங்காம ஒரு சாவ எடுக்குறது எவ்ளோ பெரிய விஷயம்னு எங்க ஆளுங்களுக்கு தான் தெரியும்.

அம்மாவா நடிச்ச ஐஸ்வர்யா ராஜேஷ் பத்தி சொல்லாம இருக்க முடியாது. புருஷன் ஜெயில்ல, வக்கீலுக்கு காசு குடுத்துட்டே இருக்கணும், ரெண்டு புள்ளைங்க, மாமியார். சின்ன வயசுல ரெண்டு புள்ளைக்கு அம்மாவா நடிக்க எத்தன ஹீரோயின் ஒத்துப்பாங்க? அவங்க புடவைய தூக்கி சொருகிட்டு நடக்குற நடைய பாத்தே சொல்லிரலாம் இந்தப் பொண்ணு நம்ம ஏரியாவ பக்கத்துல இருந்து பாத்தவன்னு. பின்னாடி ஒரு மேடைல அவங்களே சொன்னாங்க, ஹவுசிங் போர்டு வீட்ல வளந்தவ தான்னு. விக்னேஷ், ரமேஷ் ரெண்டு பசங்களுக்கும் சேத்து சிறந்த குழந்தை நட்சத்திரம் தேசிய விருது, படத்துக்கு சிறந்த குழந்தைகள் படம் விருது. எடிட்டர் கிஷோர் படம் ரிலீஸ் ஆகுறதுக்கு 3 மாசம் முன்னாடியே இறந்துட்டாரு, அவ்ளோ சின்ன வயசு, அவரு இத தியேட்டர்ல ஜனங்களோட உக்காந்து பாக்கலையேன்னு எனக்கு இப்பவும் மனசு கேக்கல.

மும்பை குடிசைய வச்சு எடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தயும் நான் பாத்துருக்கேன். 8 ஆஸ்கர், நம்ம ரஹ்மான் சாருக்கு மட்டும் 2, தமிழ்ல பேசி நன்றி சொன்னாரே, எல்லா புகழும் இறைவனுக்கேன்னு, அத நாங்க தெருவே கூடி பாத்தோம். அதுவும் நல்ல படம் தான். ஆனா அதுல பையன் 2 கோடி ஜெயிச்சுருவான். காக்கா முட்டைல பசங்களுக்கு கடைசில கிடைக்கிறது ஒரு பீட்சா. சிவப்பு கம்பளம் விரிச்சு கூப்பிட்டு உக்கார வச்சு குடுப்பாங்க, பசங்க ஒரு வாய் கடிச்சு பாத்துட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க, இதுக்கு ஆயா சுட்ட தோசையே நல்லா இருந்துச்சேன்னு. அவ்ளோ தான், சாயங்காலம் அதே குடிசைக்கு தான் திரும்பி போகணும். எனக்கு இது தான் நிஜம்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல முள்ளா குத்துது. படம் வந்தது 2015 ஜூன். அதே வருஷம் டிசம்பர்ல வெள்ளம். 1ஆம் தேதி ராத்திரி அடையாறு பொங்குச்சு, நாங்க பாலத்து மேல நின்னு எங்க வீட்டுக் கூரைய தேடுனோம், கூரையே இல்ல, தண்ணி தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஆத்தோரம் இருந்தவங்கள பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்க. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். 8 மாடி கட்டடம், வரிசையா நிக்குது, 20 ஆயிரத்துக்கும் மேல வீடு. சிமெண்ட் வீடு தான், கக்கூஸ் உள்ளயே இருக்கு, மழை ஒழுகாது, அதுக்கு நன்றி கெட்டத்தனமா பேச மாட்டேன். ஆனா எங்கம்மா வேலை செஞ்ச நாலு வீடும் சைதாப்பேட்டைல இருக்கு. விடிய 4 மணிக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி போய் பாத்தாங்க, மூணு மாசம் தான் முடிஞ்சுது. பள்ளிக்கூடம் பாதி வருஷத்துல விட்டுட்டு வந்த புள்ளைங்க எத்தனையோ பேரு திரும்பி சேரவே இல்ல. படத்துல முதல்ல போறது மரம், அப்புறம் கிரவுண்டு. படம் வெளிய வந்து ஆறு மாசத்துல நாங்களே போயிட்டோம். இப்ப அந்தப் படத்துல வர்ற ஆத்தங்கரை, ரயில் பாதை, சந்து இதெல்லாம் பாக்கும்போது எனக்கு அது சினிமா மாதிரி இல்ல, எங்க வீட்டு ஆல்பம் மாதிரி இருக்கு. எங்ககிட்ட இருந்த ஃபோட்டோ எல்லாம் வெள்ளத்துல போயிருச்சு, கல்யாண ஃபோட்டோ உள்பட.

ஞாயித்துக்கிழமை என் பையனும் கூட உக்காந்து பாத்தான். பத்து வயசு. பெரும்பாக்கத்துலயே பொறந்தவன், ஆறாவது மாடி. அவனுக்கு பீட்சா ஒண்ணும் அதிசயம் இல்ல, ரெண்டு வாட்டி சாப்பிட்டுருக்கான். அவன் கேட்டது வேற. "அம்மா, மரத்துல ஏறுனா யாரும் திட்ட மாட்டாங்களா?"ன்னு கேட்டான். இங்க பிளாக்குக்கு பிளாக்கு நடுவுல ஏறுற மாதிரி மரம் இல்ல. எங்கம்மா அவன பக்கத்துல கூப்பிட்டு, அவங்க சின்ன வயசுல ஆத்தங்கரைல இருந்த மரம் என்ன, அதுல எத்தன கூடு இருக்கும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. விளம்பரம் வந்து போச்சு, படம் திரும்ப ஆரம்பிச்சுது, அம்மா நிறுத்தல. நானும் சவுண்ட கம்மி பண்ணிட்டேன்.

ஐயா, உங்க பேப்பர் மூலமா ஒரே ஒரு கோரிக்கை. படம் வந்து பத்து வருஷம் தாண்டிருச்சு, பெரிய பெரிய ஹீரோ படத்தயெல்லாம் ரீரிலீஸ் பண்றாங்க. இந்தப் படத்த எடுத்தவங்க யாராவது இந்த லெட்டர படிச்சா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க பெரும்பாக்கத்துக்கு வந்து திரை கட்டி இத ஒரு வாட்டி போடணும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி ஆளுங்களும் வருவாங்க. எங்க பிளாக்குக்கும் பக்கத்து பிளாக்குக்கும் நடுவுல இடம் இருக்கு, கரண்டு தரைத்தள வீட்ல இருந்து இழுத்துக்கலாம், அந்த அண்ணன்கிட்ட நான் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. சேர் எல்லாம் வேணாம், நாங்க பாய் எடுத்துட்டு வந்துருவோம். மாடில இருக்குற வயசானவங்க மட்டும் லிஃப்ட் வேலை செய்யலன்னா கீழ இறங்க முடியாது, அதனால திரைய கொஞ்சம் உசரமா கட்டுனா பால்கனில இருந்தே பாத்துக்குவாங்க.

இப்படிக்கு,
சைதாப்பேட்டை ஆத்தங்கரைல பொறந்த ஒரு வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.